முப்பத்து மூன்றாவது விடைத்தாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கியல் பரீட்சை என்றால் சுவரிலிருக்கும் பல்லிகூட வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிடும். முப்பத்திரண்டு பேர் எழுதினால் மூன்று பேர் தேறுவார்கள். அந்த மூன்று பேரும் எப்படித் தேறினோம் என்று தெரியாமல் ஒரு வாரம் பேயறைந்தாற்போல் திரிவார்கள். மற்றப் பாடங்களில் அதே பிள்ளைகள் சிங்கக்குட்டிகள். கணக்கியல் தாளை நீட்டினால் மட்டும் நனைந்த கோழிக்குஞ்சுகள்.

பாடம் நடத்தியவளைக் குறை சொல்ல முடியாது. கணக்கியல் டீச்சர் உழைத்த உழைப்பில் பாதியை ஒரு மாடு உழைத்திருந்தால் அதற்குச் சிலை வைத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குத் தனி வகுப்பு, மாலை ஐந்துக்குத் தனி வகுப்பு, சனிக்கிழமை தேர்வு, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேர்வுக்கு மறுதேர்வு. பிள்ளைகள் தூக்கத்தில் பற்று, வரவு, தேய்மானம் என்று உளறுவதாகப் பெற்றோர் வந்து முறையிட்டார்கள். அவள் உழைப்பு ஏற ஏற மதிப்பெண் இறங்கிக்கொண்டே போனது.

தலைமையாசிரியை ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா மேலிடத்துல கேக்கறாங்க. இந்த வருஷம் பாதிப் பேராவது பாஸ் ஆகணும். பதினாறு. பதினஞ்சுன்னு வந்தாக்கூட அடுத்த வருஷம் வணிகப் பிரிவு கிடையாது."

"பிரிவு இல்லன்னா நான் எங்க போறது மேடம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்" என்று தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பதில் எதுவும் இல்லை.

கணக்கியல் டீச்சருக்கு மூத்தவள் ஓவிய டீச்சர். அதே பள்ளி, அதே வீடு, இருவருக்கும் ஒரே குடை. கணக்கியல் பரீட்சைக்கு அறைக் காவல் எப்போதும் மூத்தவளுக்குத்தான். சொந்தத் தங்கையின் பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்துவிட மாட்டாளா என்று யாரும் சந்தேகப்பட்டதில்லை. பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு எவ்வளவு என்பதையே அவள் தங்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்டுத்தான் கொடுப்பாள் என்பது உலகறிந்த சேதி.

மூன்று மணி நேரக் காவலில் படிக்கக் கூடாது, பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. வரையக் கூடாது என்று மட்டும் விதியில் எழுத மறந்துவிட்டார்கள். ஓவிய டீச்சர் இருக்கை வரைபடத் தாளின் பின்பக்கத்தில் துண்டுப் பென்சிலால் அறையை வரைவாள். பிள்ளைகளின் முதுகு, குனிந்த கழுத்து, பெஞ்சுக்கு அடியில் கழற்றிவிட்ட செருப்பு. கண் பார்த்ததைக் கை போட்டுக்கொண்டே போகும், மூளைக்கு அங்கே வேலை இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். எட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அந்த வருஷ அரையாண்டுத் தேர்வு பதினோராம் அறையில் நடந்தது. பத்து மணிக்கு மணி அடித்தது. முதல் ஒரு மணி நேரம் பேனாக்கள் பறந்தன. பதினொன்று பத்துக்கு அறை குளிர்ந்தது. மின்விசிறி சுற்றவில்லை, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, உள்ளே ஓவிய டீச்சரின் முழங்கை மயிர் நட்டுக்கொண்டது. எங்கிருந்தோ இருமல் மிட்டாய் வாசனை வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பேனா நின்றது. அதற்கு முன்னால் ஒன்று. பிறகு அடுத்தது. யாரோ வரிசையாக நடந்து வந்து ஒவ்வொரு விளக்காக அணைப்பதுபோல முப்பத்திரண்டு பேனாக்களும் நின்றன. பிள்ளைகள் பக்கத்தைப் பின்னால் புரட்டினார்கள். கூட்டினார்கள், அழித்தார்கள், மறுபடி கூட்டினார்கள். 'அழிரப்பர்' என்று பெயரெடுத்த ஒரு பெண் தாளை ஓட்டையாகும்வரை அழித்துவிட்டு, திடீரென்று நிமிர்ந்து, பின்னால் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "இன்னும் ஆகல சார்" என்றாள்.

"யார்கிட்ட பேசற?" என்று கேட்டாள் ஓவிய டீச்சர்.

அந்தப் பெண் விழித்தாள். "நான் பேசலையே மிஸ்."

ஒரு மணிக்கு மணி அடித்தபோது முப்பத்திரண்டு பேரும் முதல் கேள்வியிலேயே இருந்தார்கள்.

அன்று மாலை டிரங்குப் பெட்டியில் போடுவதற்கு முன்னால், எட்டு வருஷத்தில் முதல் முறையாக, அவள் தான் வரைந்ததைத் திரும்பிப் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். உட்கார்ந்திருப்பவை முப்பத்திரண்டு. நிற்பது ஒன்று.

தங்கை சாப்பாட்டு மேசையில் அரையாண்டுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அக்கா படத்தை அவள் முன்னால் வைத்தாள்.

"இது யாருடி?"

"அக்கா, நானே வெந்து போயிருக்கேன். விளையாடாத."

"நான் எங்க விளையாடறேன். வரையும்போது அங்க ஒரு ஆளும் இல்ல. இப்ப பாத்தா நிக்கறாரு."

அழிரப்பரின் பின்னால் ஒருவர் குனிந்து நின்றார். கால்சட்டை நெஞ்சுவரை ஏறியிருந்தது. இடக்கை முதுகுக்குப் பின்னால், அந்தக் கையில் ஒரு சாக்பீஸ். முகம் தெரியவில்லை, தாடை மட்டும் அந்தப் பெண்ணின் தோள்மேல் நீண்டு அவள் தாளுக்குள் எட்டிப் பார்த்தது.

தங்கையின் சிவப்புப் பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"டேலி சார்" என்றாள்.

டேலி சார் என்பவர் அவளுக்கு முன்னால் அங்கே முப்பது வருஷம் கணக்கியல் நடத்தியவர். இடப்பக்கக் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தால் கணக்கு டேலி. வராவிட்டால் எங்கோ பிழை. டேலி ஆகாமல் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். பள்ளிக்குத் தீப்பிடித்தாலும் கூட்டி முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆசிரியர் அறையில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அவர் கை கடைசியாகப் போட்டது ஒரு கேள்விக்குறி என்று சொல்வார்கள்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். எட்டு வருஷப் படங்களையும் தரையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் அவர் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் வேறொரு பிள்ளைக்குப் பின்னால், அதே குனிவு, அதே சாக்பீஸ்.

பிறகு ஓவிய டீச்சர், ஒன்றும் தெரியாதவளுக்கே தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை கேள்விடி?"

"அஞ்சு. ஒண்ணுக்கு இருபது மார்க்."

"டேலி ஆனா எத்தனை மார்க்?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனி மார்க் இருக்கு. கடைசியில டேலி ஆனதுக்கு ரெண்டு."

"அப்ப அந்த ரெண்டு மார்க்குக்காக மீதி எண்பது மார்க்கைக் கட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்குதுங்களா? ஏண்டி, மிட்டாய் கீழ விழுந்துச்சுன்னு கடையை வித்துட்டுத் தேடுவாங்களா?"

தங்கை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். பதினாலு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இந்தக் கூட்டல் தோன்றவில்லை.

மறுநாள் ஓவிய டீச்சர் சுவர்ப்படம் மாட்டுகிற சாக்கில் தங்கையின் வகுப்பில் போய் ஏணிமேல் ஏறி நின்றாள். தங்கை கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "டேலி ஆகாம பக்கத்தைத் திருப்பக் கூடாது." குரல் அவளுடையது. ராகம் அவளுடையது அல்ல. 'திருப்ப' என்ற இடத்தில் இழுத்து, 'கூடாது' என்ற இடத்தில் வெட்டி, கடைசியில் ஒரு சின்ன இருமல். ஏணிமேல் நின்றவளுக்கு இருமல் மிட்டாய் மணத்தது. ஒரே வகுப்பில் பதினேழு தடவை அந்த வாக்கியம் வந்தது. ஏணியிலிருந்தபடியே சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது குடைக்குள் சொன்னாள், "அவரு செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. நீதான் தினம் பதினேழு தடவை கூப்பிட்டுட்டு இருக்க."

தங்கை நடையை நிறுத்திவிட்டாள். குடை முன்னால் போய்விட, அவள் வெயிலில் நின்றாள்.

"உனக்குத் தெரியாதுக்கா. நான் அவர்கிட்டப் படிச்சப்ப ஒருநாள் எனக்கு மட்டும் டேலி ஆகல. எல்லாரும் போயிட்டாங்க. அவரு போகல. எதிர் பெஞ்சுல உட்கார்ந்து ஒரு இருமல் மிட்டாய் குடுத்தாரு. அஞ்சரை மணிக்கு டேலி ஆச்சு. அவரு எழுந்து நின்னாருக்கா. எனக்காக. அதுக்கு முன்னாடி யாரும் எனக்காக எழுந்து நின்னதில்ல."

ஓவிய டீச்சர் திரும்பி வந்து குடையைப் பிடித்தாள்.

"நல்ல மனுஷன்தான். இப்ப முப்பத்திரண்டு கழுத்துல உட்கார்ந்திருக்காரு."

அடுத்த வாரம் தங்கை கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைக் கோணலாக முடித்தாள். இடப்பக்கம் ஒரு தொகை, வலப்பக்கம் வேறொன்று. "வித்தியாசம் நானூத்தி முப்பத்தாறு. அதைக் கீழ எழுதுங்க. ஒரு கோடு போடுங்க. இப்ப பக்கத்தைத் திருப்புங்க."

ஒரு பிள்ளையும் திருப்பவில்லை. கொலை செய்யச் சொன்னதுபோல் பார்த்தார்கள். அழிரப்பருக்குக் கண்ணீர் முட்டியது. "மிஸ், நானூத்தி முப்பத்தாறு எங்கயோ இருக்கு மிஸ். விட்டுட்டுப் போனா பாவம்."

அறை குளிர்ந்தது. திறந்திருந்த நோட்டுகளின் பக்கங்கள் தானாகப் படபடத்துப் பின்னால் புரண்டன. தங்கை பேச வாயெடுத்தாள், பழைய வாக்கியம் தொண்டை வரை வந்து முட்டியது. அன்றும் சுவர்ப்படச் சாக்கில் வந்திருந்த ஓவிய டீச்சர் ஏணிமேலிருந்து பார்த்தாள்: தங்கையின் கழுத்து நரம்பு புடைத்தது, இடக்கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. அவள் அந்தக் கையை வலக்கையால் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள். பிறகு கரும்பலகைக்கு முதுகைக் காட்டினாள்.

"அந்தக் கணக்கு அங்கயே கிடக்கட்டும். ரெண்டாம் கணக்கு. எழுதிக்கோங்க."

அவள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நடுக்கத்தோடு எழுதினார்கள். அப்போது கரும்பலகையிலிருந்து கிறீச் என்று ஒரு சத்தம். அங்கே யாரும் இல்லை. கோணலாக முடிந்த கணக்கின் ஓரத்தில், எறும்பு ஊர்வதுபோல், பொடி எழுத்தில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டிருந்தன. யாரோ முதலிலிருந்து கூட்டிப் பார்த்தார்கள். நானூற்று முப்பத்தாறு. மறுபடி கூட்டினார்கள். மறுபடியும் நானூற்று முப்பத்தாறு.

பிள்ளைகளின் கழுத்துப் பக்கம் வெதுவெதுப்பானது. அந்த ஒரு வகுப்பில் மூன்று கணக்கை முடித்தார்கள். அந்தப் பள்ளியின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

"பாத்தியா" என்றாள் ஓவிய டீச்சர் வகுப்பு முடிந்ததும். "அவருக்குப் பிள்ளைங்க வேண்டியதில்ல. டேலி ஆகாத கணக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான். பரீட்சை அன்னைக்கும் ஒண்ணு குடுத்துடலாம்."

"அவரு கண்டுபிடிச்சிடுவாரு. முக்கால் மணி நேரம் போதும் அவருக்கு."

"கண்டுபிடிக்கவே முடியாதபடி குடு."

"ஏமாத்தச் சொல்றியா? அவரை?"

தங்கை அன்று சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குத் தயாரித்தாள். இருபத்தெட்டு இனங்கள் கொண்ட அருமையான கணக்கு. கடைசியில் ஒரே ஓர் இனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்து, அந்தத் துண்டுக் காகிதத்தைப் பொடிப் பொடியாகக் கிழித்தாள். கேள்வியிலேயே இல்லாததைப் பூலோகத்தில் எவராலும் தேடிப் பிடிக்க முடியாது. கிழித்து முடித்ததும் கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு, இரண்டு தடவை.

முழுஆண்டுத் தேர்வன்று பதினோராம் அறையில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஓர் உபரி பெஞ்சு இருந்தது. அதன்மேல் தங்கையின் கணக்கும், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோடிட்ட தாள்கள் நான்கும், மூடி கழற்றிய ஒரு பேனாவும். தலைமையாசிரியை சுற்றி வரும்போது அதைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"தனித்தேர்வர் மேடம்" என்றாள் ஓவிய டீச்சர். "கொஞ்சம் வயசானவரு. லேட்டா வருவாரு."

பதினொன்று பத்துக்குக் குளிர் வந்தது. இருமல் மிட்டாய் வாசனை கதவருகே கொஞ்ச நேரம் நின்றது. வாசனை முதல் வரிசைக்குப் போனது. ஒரு பேனா தயங்கியது. வாசனை அழிரப்பரின் பக்கத்தில் வெகு நேரம் நின்றது. அவள் தொகைகள் டேலி ஆகவில்லை என்பது அவள் காது சிவந்ததிலேயே தெரிந்தது. கை ரப்பரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அவள் எதையோ எழுதினாள், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள், பக்கத்தைத் திருப்பினாள். அந்த ஒரு பக்கம் புரண்ட சத்தம் ஓவிய டீச்சரின் காதில் மலை புரண்டாற்போல் விழுந்தது. பிறகு அடுத்த பெஞ்சு. அதற்கடுத்தது. அறை முழுக்கப் பக்கங்கள் புரண்டன.

உபரி பெஞ்சு மெல்லக் கிறீச்சிட்டது, கனமான ஆள் உட்கார்ந்தாற்போல.

அன்று அவள் வரையவில்லை. கை ஓடவில்லை. பின்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பேனா நிப்பு தாளில் உரசும் சத்தத்தை மட்டும் ஒரு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்து, முப்பத்திரண்டு விடைத்தாள்களையும் வாங்கிக் கட்டி, பிள்ளைகள் வெளியேறிய பிறகும் அந்த உரசல் நிற்கவில்லை.

இத்தனை வருஷக் காவலில் அவள் யாருக்கும் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கொடுத்ததில்லை. காய்ச்சலோடு வந்தவனுக்கும் கொடுத்ததில்லை. அவருக்குக் கொடுக்கவா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கடைசி வரிசைக்கு நடந்துபோய் கையை நீட்டினாள்.

"நேரம் ஆச்சு சார். பேப்பரைக் குடுங்க."

உரசல் நின்றது. தாள்கள் அவள் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தன. அவற்றைத் தொட்டபோது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டன.

வீட்டில் தங்கை அவற்றைப் பார்க்க மறுத்தாள். "உள்ள வெச்சிடுக்கா. முடிவு வரட்டும்."

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. முப்பத்திரண்டில் இருபத்தைந்து. தலைமையாசிரியை பட்டியலை மூன்று முறை எண்ணினாள், பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள், பிறகு தங்கையை நிற்கவைத்தே பேசினாள். அடுத்த வருஷ வகுப்பு அட்டவணையை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

அன்று மாலை தங்கை தானாகவே போய் அந்த நான்கு தாள்களை எடுத்துவந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்து மேசைமுன் உட்கார்ந்தாள். அக்கா தோள்வழியாக எட்டிப் பார்க்க, "தள்ளி நில்லுக்கா, அவரை மாதிரியே பண்ணாத" என்றாள்.

முதல் இரண்டு தாள்கள் முழுக்கக் கூட்டல்கள். அழகான, சாய்வான, பழைய கையெழுத்து. கூட்டியதையே பதினோரு முறை கூட்டியிருந்தார். பட்டியலில் இருந்த இருபத்தேழு இனங்களையும் ஒவ்வொன்றாக வட்டமிட்டுப் பார்த்திருந்தார். இரண்டாம் தாளின் அடியில் மை அழுந்தி ஒரு சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. பேனா வெகு நேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். அதற்குக் கீழே வித்தியாசத்தை எழுதி, ஒரு கோடு போட்டிருந்தார்.

தங்கை அந்தத் தாளைத் திருப்பினாள். மூன்றாம் தாளின் தலையில், 'கேள்வி இரண்டு' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது.

"நான் ரெண்டாம் கேள்வியே குடுக்கலையே" என்றாள் மெல்ல.

"முன்னாடி உட்கார்ந்திருந்த பிள்ளையோட தாளைப் பாத்திருப்பாரு" என்றாள் அக்கா. "காப்பி அடிச்சிருக்காரு, அவரு வயசுக்கு."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திருத்தினாள். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய மதிப்பெண், முதல் கேள்விக்குப் பதினெட்டு. டேலிக்கான இரண்டு கிடையாது. இரண்டாம் கேள்விக்குப் பதின்மூன்று. மூன்றாம் கேள்வியின் எண்ணை மட்டும் எழுதியிருந்தார், நேரம் முடிந்துவிட்டது. மொத்தம் முப்பத்தொன்று.

"தேற எவ்வளவு வேணும்?"

"முப்பத்தஞ்சு."

"நாலு மார்க்குதானேடி. கருணை மார்க் போட்டு அனுப்பிடேன். போய்ச் சேரட்டும் பாவம்."

தங்கை பேனாவை உயர்த்திப் பிடித்தபடி யோசித்தாள். அறையில் எந்த வாசனையும் இல்லை. ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தாளையே பார்த்தார்கள். எதிரில் காலியாக இருந்த நாற்காலியை அவர்கள் பார்க்கவேயில்லை.

"அவரு யாருக்காவது போட்டிருக்காரா?" என்று கேட்டுவிட்டு, முப்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டாள்.

எதிர் நாற்காலி பின்னால் நகர்ந்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்கும்போது நகர்வதுபோல. தங்கையும் எழுந்து நின்றாள்.

ஒன்றுமே நடக்காததுபோல, ஓவிய டீச்சர் சொன்னாள், "அப்ப அடுத்த வருஷமும் ஒரு பெஞ்சு போடணும்."

"போடு. இந்தத் தடவை அஞ்சு கேள்வியும் எழுதித் தரேன். டேலி ஆகற மாதிரி."